அட்டையில் உள்ள திகதி கண்ணுக்குள் இருக்கும் வில்லைக்கு அல்ல

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவுக்கு 2014 இல், 59 ஆவது வயதில், வலது கண்ணில் கற்றராக் (கண்புரை) சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்திருக்கிறார்கள். அன்று கொடுத்த சிறு அட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 2018-03 என்று ஒரு திகதி இருக்கிறது. “லென்ஸுக்குப் பத்து வருஷம்தான் கெடு, அதுக்குப் பிறகு கழட்டி மாத்த வேணும்” என்று அயலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஆறு மாதமாக அந்தக் கண் புகை படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போல இருக்கிறது. அப்பாவின் இடது கண்ணிலும் ஒரு வில்லை உண்டு. 1997 இல் ஷெல் துண்டு பட்ட அந்தக் கண்ணுக்கு, ஏ9 பாதை திறந்த பிறகு 2003 இல் கொழும்பில் வைத்தது. இரண்டு வில்லைகளும் காலாவதியாகிவிட்டனவா, நகையை ஈடு வைத்தாவது தனியார் வைத்தியசாலையில் மாற்ற வேண்டுமா என்பதே அவருடைய கவலை. உண்மையில் இங்கே கேட்கப்படுவது வில்லையை எப்போது மாற்றுவது என்பதல்ல. கண்ணுக்குள் வைத்த ஒரு பொருள் ஆண்டுக்கணக்கில் அங்கே என்ன ஆகிறது, பார்வை மங்கும்போது பழி அதன் மேல்தானா என்பதே கேள்வி.

நான் சத்திரசிகிச்சை செய்யும் வைத்திய நிபுணர் அல்லன். கண் தொழில்நுட்பவியலாளராக 23 ஆண்டுகள் அரச வைத்தியசாலைகளின் கண் கிளினிக்குகளில், அதிலும் பெரும்பகுதி வன்னியில், வேலை செய்தவன். சத்திரசிகிச்சைக்கு முன்னர் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, எவ்வளவு வலுவுள்ள வில்லை பொருந்தும் என்று கணித்துக் கொடுப்பதும், பிறகு அதே ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு வரும்போது அவர்களுடைய பார்வையை அளப்பதும் என் தொழில். ஆகவே ஒரே வில்லையை வைத்த அன்றும் பதினைந்து ஆண்டு கழித்தும் பார்க்கும் வாய்ப்பு எனக்குப் பல தடவை கிடைத்திருக்கிறது. ஆனால் கண்ணைப் பார்க்காமல் எழுத்தில் எவரும் நோயைத் தீர்மானிக்க முடியாது. கீழே எழுதுவதை அந்த எல்லைக்குள் வைத்தே வாசியுங்கள்.

முதலில் அந்தத் திகதி. வில்லை தொழிற்சாலையில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, முத்திரையிட்ட சிறு பொதிக்குள் வருகிறது. பொதியோடு சில ஒட்டுத்தாள்களும் வரும். ஒன்று வைத்தியசாலைப் பதிவுக்கு, ஒன்று நோயாளியின் அட்டைக்கு. உங்கள் அம்மாவின் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 21.5 என்பது போன்ற ஓர் எண் இருக்கும். அது வில்லையின் வலு. 6.0, 12.5 என்பது போன்ற இரண்டு எண்கள் இருந்தால், அவை வில்லையின் நடு வட்டமும் முழு நீளமும் எத்தனை மில்லிமீற்றர் என்பதைச் சொல்பவை. ஒரு நீண்ட தொடர் இலக்கம் இருக்கும். அவற்றுக்கு இடையில் மணற்கடிகாரம் போல ஒரு சின்னப் படம் அச்சிட்டிருக்கும்; அதன் பக்கத்தில் இருப்பதுதான் உங்களைப் பயமுறுத்திய திகதி. அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பொதியைத் திறந்து வில்லையை ஒரு கண்ணில் வைக்கக் கூடாது என்பது மட்டுமே அதன் பொருள். பொதிக்குள் கிருமிநீக்கம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று உற்பத்தியாளர் தரும் உறுதி அது. சேலைன் போத்தலில் திகதி இருக்கிறது என்பதற்காக, உடலில் ஏறிய சேலைனுக்கும் அந்தத் திகதியில் கெடு முடியும் என்று எவரும் நினைப்பதில்லை. 2014 இல் பொதி திறக்கப்பட்ட அந்தக் கணத்தோடு 2018-03 என்ற திகதிக்கு வேலை முடிந்துவிட்டது. இந்த ஒரே திகதியை வைத்துக்கொண்டு, கண்ணில் எந்தக் குறையும் இல்லாத நிலையில், கண்ணீரோடு கிளினிக்குக்கு வந்த முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அட்டையைக் கொடுக்கும்போதே இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் எவ்வளவோ பேரின் நித்திரை கெடாது. எங்கள் பக்கத்தில் அதைப் போதிய அளவு செய்யவில்லை என்பது என் மனக்குறை.

இனி வில்லைப் பொருளின் ஆயுள். செயற்கை வில்லை என்ற எண்ணமே கண்ணுக்குள் பாய்ந்த துண்டுகளைப் பார்த்துத்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகள் பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டிருந்தன. குண்டு பட்டு அவை நொறுங்கியபோது சில விமானிகளின் கண்களுக்குள் சிராய்கள் புகுந்தன. அந்தச் சிராய்கள் கண்ணுக்குள் எந்த அழற்சியையும் கிளப்பாமல் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடந்ததை ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் கவனித்தார். அதே பொருளில் ஒரு வில்லையைச் செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முதலாக ஒருவருக்கு வைத்தார். முதுமையில் அவருடைய கண்களுக்கும் செயற்கை வில்லைகளே வைக்கப்பட்டன. ஷெல் துண்டுகளைக் கண்ணிலும் தலையிலும் சுமந்துகொண்டு இன்னும் வாழும் மனிதர்களிடையே வேலை செய்த எனக்கு, இந்த வரலாற்றைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மனம் கனக்கும். எங்கள் ஆட்களின் கண்களில் புகுந்தவை பெரும்பாலும் இரும்பும் செம்பும். அவை அமைதியாகக் கிடப்பவை அல்ல. அதைப் பற்றி அப்பாவின் கண்ணைப் பேசும்போது சொல்கிறேன்.

பெர்ஸ்பெக்ஸ் என்ற அந்தப் பொருளுக்கு இரசாயனத்தில் பொலிமெதைல் மெதக்ரிலேற் என்று பெயர். கிளினிக்கில் சுருக்கமாகப் பி.எம்.எம்.ஏ. என்போம். மடியாத கெட்டி வில்லைகள் இதில் செய்யப்படுபவை. முக்கால் நூற்றாண்டு மனிதக் கண்ணுக்குள் இருந்து பார்த்த பொருள் இது ஒன்றுதான். இது கண்ணுக்குள் இருக்கும் நீரில் கரையாது, உக்காது, சுருங்காது. அடுப்படி வெக்கையில் உருகிவிடுமோ என்று எங்கள் பக்கத்து அம்மாக்கள் கேட்பதுண்டு. இந்தப் பொருள் இளகத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 105 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கண்ணின் உட்புறமோ உடல் வெப்பத்தை ஒட்டியே எப்போதும் இருக்கும். விறகடுப்பின் முன்னால் குனிந்து ஊதும்போது கண் எரியும், சிவக்கும். வில்லைக்கு எதுவும் ஆகாது. வயல் வெயிலும் அப்படித்தான். பல ஆண்டுகளாகவே வில்லைப் பொருளுக்குள் புறஊதாக் கதிர்களை உறிஞ்சும் சேர்மானம் கலந்து வருகிறது. சூரியக் கண்ணாடி போடுவது கண்ணின் மற்றப் பகுதிகளுக்கு நல்லது, போடட்டும். வில்லை கெட்டுவிடும் என்ற பயத்தில் போட வேண்டியதில்லை.

மடித்து உள்ளே செலுத்தும் வில்லைகள் பிறகு வந்தவை. 1980களில் சிலிக்கோனும், 1990களின் முற்பகுதியிலிருந்து மென்மையான அக்ரிலிக் வகைகளும் பழக்கத்துக்கு வந்தன. இவற்றின் பெரிய நன்மை வெட்டு சிறிதாக இருப்பது. கெட்டி வில்லைக்கு ஐந்தரை ஆறு மில்லிமீற்றர் திறக்க வேண்டிய இடத்தில் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவாகத் திறந்தால் போதும். காயம் விரைவில் ஆறும், கண் கோணலாக இழுபடாது. இதை வைத்துச் சிலர், அரச வைத்தியசாலையில் வைத்த கெட்டி வில்லை மலிவானது, அதனால் சீக்கிரம் பழுதாகும் என்று சொல்லித் திரிகிறார்கள். இது தவறு. 1992 இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், அதுவரை நூறு டொலர் அளவில் விற்ற வில்லையைச் சில டொலருக்குச் செய்து காட்டியது. விலை இறங்கியது உற்பத்தி முறையாலும் இலாபத்தைக் குறைத்ததாலும். பொருளின் தரத்தைக் குறைத்து அல்ல. நிலைத்து நிற்கும் தன்மையை மட்டும் கேட்டால், மிக நீண்ட காலச் சாட்சி இருப்பது அந்த மலிவான கெட்டி வில்லைக்குத்தான்.

அப்படியானால் உங்கள் அம்மாவின் கண்ணில் புகை எப்படி வந்தது? பெரும்பாலும், வில்லைக்குப் பின்னால் இருக்கும் சவ்விலிருந்து. கண்ணின் இயற்கை வில்லை ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. முந்திரிகைப் பழத்தின் சதையும் தோலும் போல என்று வைத்துக்கொள்ளலாம். கற்றராக் சத்திரசிகிச்சையில் பையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, வெளிறிப்போன சதையை எடுத்துவிட்டு, பையை அப்படியே விட்டு அதற்குள் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். பையின் பின்சுவர் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிப்புத்தான் இருக்கும். எவ்வளவு கவனமாகத் துடைத்தாலும் பையின் உள்விளிம்பில் சில உயிர்க்கலங்கள் எஞ்சிவிடும். அவை மாதங்களாக, ஆண்டுகளாகப் பெருகி, வில்லைக்குப் பின்னால் ஊர்ந்து வந்து பின்சுவரை மறைக்கின்றன. ஸ்லிற் லாம்ப் என்னும் கருவியில் கண்ணின் பின்புறத்திலிருந்து திரும்பும் செவ்வொளியில் பார்த்தால், அது மீன்சினையைப் பரப்பி வைத்தது போலத் தெரியும். சின்னச் சின்ன உருண்டைகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. அதன் முன்னால் செயற்கை வில்லை கழுவி வைத்த கண்ணாடி போல மாசில்லாமல் நிற்கும். “கற்றராக் திரும்ப வந்துட்டுது” என்று ஊரில் சொல்வது இதைத்தான். எடுத்த சதை திரும்ப வளர்வதில்லை.

இது அபூர்வமான ஒன்றல்ல. 1998 இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, சத்திரசிகிச்சை செய்த கண்களில் ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 இலும், மூன்றாண்டில் 21 இலும், ஐந்தாண்டில் 28 இலும் இது கண்டது. வில்லையின் பின்விளிம்பைக் கூர்மையான சதுரமாக வெட்டத் தொடங்கிய பிறகு இது குறைந்தது. அந்த விளிம்பு வரப்புக் கட்டியது போல நின்று கலங்களை நடுவுக்கு வரவிடாமல் மறிக்கிறது. குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. பதினோராம் ஆண்டில் மெதுவாக வரும் புகைமூட்டம், நோவு இல்லை, சிவப்பு இல்லை, இரவில் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் எதிரே வந்தால் சிதறித் தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

இதற்கு வில்லையைத் தொடத் தேவையில்லை. யாக் லேசர் என்ற கருவியின் முன் அமர்ந்து நாடியைத் தாங்கியில் வைத்தால், பின்சுவரின் நடுவில் ஒரு சிறு சாளரத்தைச் சில நிமிடங்களில் திறந்துவிடுவார்கள். ஊசியும் இல்லை, கட்டும் இல்லை. டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும், சில மணி நேரம் கண் கூசும், சில நாட்களுக்குக் கொசு பறப்பது போல நிழல்கள் மிதக்கும். கண் அழுத்தம் தற்காலிகமாக ஏறலாம் என்பதால் துளி மருந்து போடுவார்கள். விழித்திரை கழன்றுவிடும் அபாயம் சிறிதளவு உண்டு. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு அது சற்றுக் கூடுதல். திறந்த சாளரம் பொதுவாகத் திரும்ப மூடுவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, வில்லையே வெளிறிப்போகும் சில நிலைகள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. நீரை உறிஞ்சி வைத்திருக்கும் அக்ரிலிக் வகை வில்லைகளில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை நீர் இருக்கும். அவற்றில் சில கண்ணுக்குள் ஆண்டுகள் சென்ற பிறகு கல்சியம் படிந்து பால்நிறமாக மாறியிருக்கின்றன. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த சில மாதிரிகளில் இது கூடுதலாகக் கண்டது. அவற்றில் ஒன்றில், பொதியிலிருந்த சிலிக்கோன் பகுதியிலிருந்து கசிந்த பொருளே காரணம் என்று பிறகு கண்டறியப்பட்டது. கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்திச் செய்யும் வேறு சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகும் இந்த வகையில் கல்சியம் படிவதுண்டு. எவருடைய கண்ணில் படியும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழியில்லை. நீரை ஏற்காத அக்ரிலிக் வகையில் வேறொன்று நடக்கும். பொருளுக்குள் நுண்ணிய நீர்க்குமிழிகள் தோன்றி, கருவியில் பார்க்கும்போது மூக்குத்திக் கல் போல மினுங்கும். பார்க்க அச்சமாக இருந்தாலும் பார்வையை அவை கெடுப்பது மிக அரிது. எந்த அளவுக்குச் சென்றால் கெடுக்கும் என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கெட்டி வில்லையும் முற்றிலும் விதிவிலக்கல்ல. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் செய்த சிலவற்றில் பத்தாண்டுக்குப் பிறகு பனித்துகள் போன்ற பொட்டுகள் கண்டன.

இதில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்சியம் படிந்த வில்லையும் சவ்வு மறைத்த வில்லையும் நோயாளிக்கு ஒரே மாதிரியான புகைமூட்டத்தைத்தான் தரும். அவசரமாகப் பார்ப்பவர் முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு லேசர் அடித்துவிடக்கூடும். அப்படி அடித்தால் பார்வை தெளியாது. அதோடு, பின்சுவர் திறந்துவிட்டதால் பிறகு அந்த வில்லையை எடுத்து வேறொன்றை வைப்பதும் கடினமாகிவிடும். பின்னாலிருக்கும் கண்ணாடித் திரவம் முன்னுக்கு வந்துவிடும், புதிய வில்லைக்கு இருக்கை இல்லாமல் போகும். ஆகவே லேசருக்கு முன்னர் பாவையை நன்றாக விரித்து, மறைப்பு வில்லையிலா அதன் பின்னாலா என்று பார்த்தே தீர வேண்டும். “மறைப்பு எதிலை இருக்கு, லென்ஸிலையா சவ்விலையா?” என்று நீங்கள் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

இதுவரை சொன்னது பொருளின் தெளிவு. வில்லை வைத்த இடத்தில் நிலைத்து நிற்பது வேறொரு விடயம், நீண்ட கால நோக்கில் அதுவே பெரியது. ரிட்லியின் முதல் வில்லைகள் நூறு மில்லிகிராமுக்கு மேல் கனமானவை. பொருள் நன்றாகவே இருந்தும் கணிசமானவை கண்ணின் பின்புறத்துக்கு நழுவி விழுந்தன, அதனால் அந்த முறையே பல ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டது. இன்றைய வில்லை ஏறத்தாழ 20 மில்லிகிராம்தான், கால்கள் போன்ற இரண்டு வளைவுகளால் பைக்குள் பொருந்தி நிற்கிறது. முதல் சில மாதங்களில் பை சுருங்கி வில்லையைப் பற்றிக்கொள்ளும். பிறகு அது சும்மா அசையாது. கோணற் பார்வையைத் திருத்தும் டோரிக் வில்லை மட்டும் திரும்பினால் பலன் குறையும், ஒரு பாகைக்கு நூற்றில் மூன்று பங்கு என்ற கணக்கில். ஆனால் அந்தத் திரும்பலும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நடப்பது.

பிற்காலத்தில் அசைவது வில்லை மட்டுமல்ல, பையும் சேர்ந்துதான். பையைச் சுற்றிலும் நுண்ணிய நார்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. வயதோடு, அடியோடு, சில நோய்களோடு அவை ஒவ்வொன்றாக அறும்போது பை வில்லையோடு சேர்த்துத் தொங்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்து மக்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வில், 10 ஆண்டுக்குள் ஆயிரம் கண்களில் ஏறத்தாழ ஒன்றிலும், 25 ஆண்டுக்குள் நூற்றில் இரண்டுக்கும் குறைவானவற்றிலும் வில்லை பிந்தி இடம் விலகியது. இது ஆறுதலான கணக்கு. ஆனால் எல்லாக் கண்களுக்கும் இது பொருந்தாது. பாவையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு போலப் படியும் ஒரு வகை முதுமை நோய் உள்ளவர்கள், கிட்டப்பார்வை மிகுந்தவர்கள், விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கண்ணில் அடி வாங்கியவர்கள் ஆகியோருக்கு அபாயம் பல மடங்கு. மாட்டுக் கொம்பு, விறகு கொத்தும்போது தெறிக்கும் சிராய், பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து இவை மூன்றும்தான் நான் எங்கள் பக்கத்தில் அதிகம் கண்ட காரணங்கள். கடகடவென்று கண்ணைக் கசக்கும் பழக்கமும் நல்லதல்ல, அது பல்லாண்டில் நார்களைத் தளர்த்தும் என்று கருதப்படுகிறது.

அதனால்தான் அம்மாவைவிட அப்பாவைப் பற்றியே நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன், அவருக்கு இப்போது முறைப்பாடு எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும். ஷெல் துண்டு பட்ட கண்ணில் பை கிழிந்திருக்கலாம், நார்கள் பாதி அறுந்திருக்கலாம். பை இல்லாத கண்ணுக்கு அந்தக் காலத்தில் வில்லையை இரண்டு வழிகளில் வைத்தார்கள். ஒன்று, பாவைக்கு முன்னால் வைப்பது. அப்படியானால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கருவிழியின் உட்கலங்கள் குறைந்து கருவிழி வீங்கக்கூடும், கண் அழுத்தமும் ஏறக்கூடும். மற்றது, வெண்விழிச் சுவரோடு பொலிபுரோப்பிலீன் நூலால் தைப்பது. தலைமயிரை விட மெல்லிய அந்த நூல் என்றென்றைக்கும் இருக்கும் என்று முதலில் நம்பினார்கள். நான்கு ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டு தாண்டிய பிறகு வரை அது அறுந்து வில்லை சரிந்த கண்கள் பல பதிவாகியுள்ளன. அதனால் இப்போது தடித்த நூலையோ வேறு வகை நூலையோ பயன்படுத்துகிறார்கள், அல்லது நூலே இல்லாத முறைகளுக்குப் போகிறார்கள். சென்னையில் வைத்தியர் அமர் அகர்வால் 2007 இல் தொடங்கிய, வில்லையின் கால்களை வெண்விழிக்குள் புதைத்துப் பசையால் மூடும் முறை அவற்றில் ஒன்று.

முல்லைத்தீவுக் கரையோரத்து ஐயா ஒருவர் ஒருநாள் கண்ணாடி மாற்ற வந்திருந்தார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை. ஸ்லிற் லாம்பில் வைத்து இடப்பக்கம் பார்த்து நேரே பார்க்கச் சொன்னேன். கண் நின்ற பிறகும் வில்லை நிற்கவில்லை. காற்று ஓய்ந்த பிறகும் அரசிலை நடுங்குவது போல ஒரு கணம் நடுங்கி அடங்கியது. மேல்பக்கத் தையல் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. அன்றே வைத்திய நிபுணரிடம் அனுப்பியதால், அது பின்னால் விழுவதற்கு முன்னர் நிறுத்திக் கட்ட முடிந்தது. அவருக்கு அதுவரை அது தெரியாது. உங்கள் அப்பாவையும் முறைப்பாடு வரும்வரை காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒருதடவை காட்டச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

அப்பாவுக்கு இன்னொன்றும் உண்டு. செயற்கை வில்லை பிளாஸ்டிக், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அது தடையில்லை. ஆனால் கண்ணுக்குள் ஓர் இரும்புத் துண்டு எஞ்சியிருந்தால் எம்.ஆர்.ஐ. காந்தம் அதை இழுத்துக் கண்ணை அழித்துவிடக்கூடும். ஷெல் பட்ட எவரும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்னர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் எக்ஸ்ரேயோ சி.ரி. ஸ்கானோ எடுத்துப் பார்ப்பார்கள். எஞ்சிய இரும்பு ஆண்டுக்கணக்கில் துருவாகக் கசிந்து விழித்திரையையும் நஞ்சாக்கும். 2009 இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியும் அட்டையும் தொலைந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் பாதிப்பேரின் நிலை அதுதான், அதற்காகத் தயங்க வேண்டாம். வெட்டின் தழும்பு எவ்வளவு நீளம், வில்லை எங்கே இருக்கிறது, தையல் உண்டா என்பதையெல்லாம் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மருத்துவ அறிவின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். கெட்டி வில்லைக்கு எழுபது ஆண்டுக்கு மேலான அனுபவம் உண்டு. மென்மையான அக்ரிலிக்குக்கு முப்பது சொச்சம்தான். அறுபது வயதில் வைத்தவருக்கு அந்த முப்பது போதும். பிறவிக் கற்றராக்குக்காகச் சிறுவயதில் வில்லை வைத்த பிள்ளைக்கு அது எழுபது ஆண்டு தாங்குமா என்பதை ஆய்வுகூடத்தில் செயற்கையாக முதுமைப்படுத்திச் சோதித்து ஊகிக்கிறார்களே ஒழிய, கண்ணில் பார்த்து எவரும் இன்னும் உறுதி செய்யவில்லை. நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் வில்லை விழித்திரையைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படுவதும் நிரூபிக்கப்பட்டதல்ல. அதற்காக மேலதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

அம்மாவின் கண்ணைப் பொறுத்தவரை, வீட்டிலேயே மூன்று சிறு சோதனைகள் செய்து பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் மற்றக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் குறை விழித்திரையின் நடுவில் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர் என்றால் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, தடித்த மட்டையில் குண்டூசியால் ஒரு துளையிட்டு அதனூடாக நாட்காட்டி எண்களைப் பார்க்கச் செய்யுங்கள். நன்றாகத் தெளிந்தால் கண்ணாடி மாற்றினால் போதுமானதாக இருக்கலாம். மூன்றாவது, நாலைந்து தடவை இமைத்த உடனே சற்றுத் தெளிந்து மீண்டும் மங்கினால் கண் வறட்சி. எதிலும் மாற்றமில்லாமல் எல்லாமே ஒரே புகையாக இருந்தால் நான் மேலே சொன்ன சவ்வாக இருக்கும் வாய்ப்பே அதிகம். இவை வழிகாட்டுமே தவிர முடிவைச் சொல்லா. கண் அழுத்த நோய் எந்த அறிகுறியும் காட்டாமலே பார்வையைத் தின்னும், அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. இருவரில் யாருக்காவது பார்வை திடீரென இறங்கினாலோ, ஒரு பக்கத்தில் திரை விழுந்தது போல இருந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, ஒற்றைக் கண்ணில் உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, சிவந்து நோவெடுத்தாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

நகையை ஈடு வைக்க வேண்டாம். மாங்குளத்துக்கு வந்து ஏ9 இல் வடக்கே போனால் கிளிநொச்சி, தெற்கே போனால் வவுனியா. இரண்டு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் கண் கிளினிக் உண்டு. அங்கே இல்லாத வசதி தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். வில்லையை மாற்றுவது என்பது வைத்ததை அப்படியே திரும்ப எடுப்பதல்ல. பை அதைப் பற்றிக்கொண்ட பிறகு பிரித்தெடுப்பது முதல் சத்திரசிகிச்சையை விடக் கடினமும் ஆபத்தும் கூடியது. வில்லை வெளிறியிருந்தாலோ, இடம் விலகியிருந்தாலோ, கண்ணுக்குள் உரசிக் காயப்படுத்தினாலோ தவிர அதைச் செய்யக் கூடாது. காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எவராவது மாற்றச் சொன்னால், வேறொரு கண் வைத்திய நிபுணரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

போகும் நாளில் அம்மாவின் அட்டை, இப்போது போடும் கண்ணாடி, மற்ற வருத்தங்களுக்குக் குடிக்கும் மருந்துகளின் துண்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பாவை விரிக்கத் துளி விடுவார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் தாங்க முடியாமல் கூசும். அன்று மோட்டார் சைக்கிளில் தானே ஓட்டிக்கொண்டு போக அப்பாவை விட வேண்டாம். ஒரு குடையும், கூட வர ஓர் ஆளும் இருந்தால் போதும்.